பொட்டலத்தில் போன கதை

சங்கரன்கோவில்
3.8.86

அன்பு மகள் பூமாரிக்கு அப்பா செல்லப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். சுகம் என்று மொட்டையாக எழுதினால் நீ நம்பமாட்டாய், அதனால் விவரமாகவே எழுதுகிறேன். உன் அம்மாவுக்கு முட்டுவலி குறைந்திருக்கிறது, குரல் குறையவில்லை. உன் தங்கச்சி தங்கத்தாய், கல்யாண ஜாக்கெட் தைத்து வருவதற்குள் மெலியப்போகிறேன் என்று ராத்திரிச் சோற்றை நிறுத்தியிருக்கிறாள். வீணாகக் கூடாதே என்று அதையும் நான்தான் சாப்பிடுகிறேன்.

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. மூக்காண்டி மாமா எழுதிய கடுதாசியைப் பார்த்துப் பயந்துபோய், உன் கதையால் தங்கச்சி கல்யாணம் நின்றுவிடும் என்று எழுதியிருக்கிறாய். பாதி எழுதி வைத்திருந்த அடுத்த கதையைக் கிழித்துப் போட்டுவிட்டாயாம், இனிமேல் பேனாவையே தொடமாட்டாயாம், கல்யாணத்துக்கும் வரமாட்டாயாம். உன் முகத்தைப் பார்த்தால் சம்பந்தி வீட்டாருக்குக் கதை ஞாபகம் வந்துவிடுமாம். ‘மன்னியுங்கள் அப்பா’ என்று எத்தனை தரம் எழுதியிருக்கிறாய் என்று எண்ண ஆரம்பித்தேன், பாதியில் அலுத்துப்போய் விட்டுவிட்டேன். நீ மெட்ராஸில் டெலிபோன் ஆபீஸில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்க, இங்கே என்னவெல்லாம் நடந்திருக்கிறது தெரியுமா? வரிசையாகச் சொல்கிறேன்.

உன் கதையைப் போட்ட பத்திரிகைக்காரர், கையில் ஒன்றும் இல்லாத மனுஷர் போலிருக்கிறது, சன்மானத்துக்குப் பதிலாக ஒரு கட்டுப் பிரதிகளை நம் விலாசத்துக்கு அனுப்பி வைத்திருக்கிறார். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முந்தின வாரம் தபால்காரர் அதைக் கொண்டுவந்து நம் பாத்திரக் கடையில் இறக்கியிருக்கிறார். நான் சரக்கு எடுக்கக் கோவில்பட்டி போயிருந்தேன். கடையில் மூக்காண்டிதான் இருந்தான். மேல் அட்டையில் ‘சங்கரன்கோவில் பூமாரி’ என்று பார்த்ததும் அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு காபி சொல்லிவிட்டு வாசிக்க உட்கார்ந்திருக்கிறான். காபி வருவதற்குள் கதையில் மாமியார் செத்துவிட்டாள். ஆறுவதற்குள் மாமனார் போய்விட்டார். அவன் அந்தக் காபியைக் குடிக்கவே இல்லையாம்.

உடனே உனக்கு ஒரு கடுதாசி எழுதிப் போட்டுவிட்டு, கட்டை யார் கண்ணிலும் படாமல் ஒளித்து வைத்தான். எங்கே என்று கேள். பாத்திரம் சுற்றிக் கொடுக்க நாம் அடுக்கி வைத்திருக்கும் பழைய பேப்பர் குவியலில்! பேப்பரோடு பேப்பராக இருந்தால் யாருக்குத் தெரியும் என்பது அவன் ரோசனை. என்னிடமும் மூச்சு விடவில்லை. உன் அம்மாவின் உடன்பிறப்பு என்பதால் அவன் மூளையைப் பற்றி நான் மேலே எழுதவில்லை.

தபசு வந்தது. கூட்டம் என்றால் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பனவடலிசத்திரம் பக்கத்திலிருந்து வண்டி வண்டியாக ஜனம். உன் அம்மாவும், பாத்திரத்தில் பெயர் வெட்டுகிற நம் பாதுஷாவும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து, டம்ளருக்கு ஒரு தாள், தூக்குச்சட்டிக்கு இரண்டு தாள் என்று கிழித்துச் சுற்றிச் சுற்றிக் கொடுத்தார்கள். உன் கதை ஊர் ஊராகப் போய்விட்டது, துண்டு துண்டாக. எனக்கு ஒன்றும் தெரியாது. நான் கல்லாவில் உட்கார்ந்து, வாங்கினவர்களுக்கெல்லாம் கரண்டி இனாம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் கரிவலத்திலிருந்து ஒரு பெண்பிள்ளை வந்தாள். முந்தின நாள் டம்ளர் வாங்கினவள். கையில் கசங்கின தாள். “அண்ணாச்சி, இதுல மாமியா மண்டையில குழவிய தூக்கிப் போட்டுட்டு, மருமவ மாவு வழிக்கப் போறா. அதோட தாளு தீந்துபோச்சு. பொறவு என்ன ஆச்சு?” என்றாள். எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. “எனக்கு என்னம்மா தெரியும்” என்றேன். “அப்ப இன்னொரு டம்ளர் குடுங்க, அந்த அடுக்குலேர்ந்து பேப்பர் எடுத்துச் சுத்துங்க” என்றாள். மத்தியானத்துக்குள் இப்படி ஒரு படை. ஒருத்தி கையில் புருஷன் செத்த தாள், இன்னொருத்தி கையில் நாத்தனார் செத்த தாள். கடை வாசலிலேயே நின்று மாற்றிக்கொண்டார்கள். “ஏட்டி, என் மாமனார வச்சுக்க, ஒன் நாத்தனாரக் குடு” என்று ஒரு சத்தம், ஒரு சிரிப்பு! ரோட்டில் போகிறவர்கள் சம்பந்தம் பேசுகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

அன்றைக்குத்தான் குவியலைக் கிண்டி, கிழியாத பிரதி ஒன்றை எடுத்து நானும் வாசித்தேன். எட்டாம் வகுப்பில் இரண்டு வருஷம் இருந்தவன் என்பதால் என்னை ஒன்பதாவது என்றே வைத்துக்கொள். நான் புரிந்துகொண்டது சரியா என்று பார். ஒரு பெண் கல்யாணமாகிப் போகிறாள். போன வீட்டில் அதை வாங்கி வா, இதை வாங்கி வா என்கிறார்கள். அவளும் ஒவ்வொன்றாக வாங்கி வருகிறாள். வந்த சாமானாலேயே கேட்ட ஆளை முடிக்கிறாள். கிரைண்டர் குழவியால் மாமியார். இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டி மாமனார். ஃபேன் வயரால் நாத்தனார். புருஷன் தலையைக் குக்கரில் வைத்து மூன்று விசில். ஒவ்வொரு காரியமும் முடிந்ததும் சாமானைக் கடைக்குத் தூக்கி வந்து, செத்த ஆளின் பெயரை வெட்டித் தரச் சொல்கிறாள். கடைக்காரன் ஒன்றும் கேட்பதில்லை, ‘இனிஷியல் என்ன தாயி?’ என்பதைத் தவிர. ரத்தக்கறையைப் பார்த்துவிட்டு, ‘புளி போட்டுத் தேய்ச்சா போயிரும்’ என்கிறான். ஒரு கரண்டி இனாமாகக் கொடுக்கிறான்.

மக்கா, வாசிக்க வாசிக்க சிரிப்பு அடக்க முடியவில்லை. அந்தக் கடைக்காரன் தலை வழுக்கை என்று இரண்டு பக்கத்துக்கு ஒரு தரம் எழுதியிருக்கிறாய். ஒரு தரம் எழுதினால் போதாதா, முளைத்துவிடுமா? மூக்காண்டி வந்து, “அத்தான், ஒங்களத்தான் கேலி பண்ணியிருக்கா” என்று ரகசியம் சொன்னான். “ஏலே, கரண்டி இனாம்னு வந்த எடத்துலயே எனக்குத் தெரிஞ்சு போச்சு” என்றேன். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, “மூணு விசில் பத்தாது. அந்தக் கனத்துக்கு அஞ்சு விசிலாவது வேணும்” என்றாள். அன்று முதல் சோறு எப்படி இருந்தாலும் நான் குறை சொல்வதில்லை.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. சாமான் சாமானென்று அலைகிறவர்களை நாலு சாத்துச் சாத்தத்தானே எழுதினாய்? அதை வாசிக்கிறதற்காகவே ஜனங்கள் வந்து சாமான் வாங்குகிறார்கள். “மூணு விசில் குக்கர் இருக்கா?” என்று புருஷனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே கேட்கிறார்கள். ஒரு அம்மாள் கிரைண்டர் வேண்டாமாம், குழவி மட்டும் வேண்டுமாம், வீட்டில் எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி வைக்க. இப்படி ஒரு வியாபாரம் இந்தக் கடையில் நடந்ததே இல்லை. நீ என்னைக் கதையில் அடித்தாய், நான் அந்தக் கதையையே சுற்றி விற்றுவிட்டேன். இதில் ஜெயித்தது யார் என்று நீயே யோசித்துச் சொல்.

இனி நீ பயந்த விஷயத்துக்கு வருகிறேன். போன வெள்ளிக்கிழமை சம்பந்தியம்மாள் சண்முகத்தாய் கடைக்கு வந்தார்கள். பெயர் வெட்டுமுன் மாப்பிள்ளை வீட்டார் வந்து சீர்ச் சாமான்களைப் பார்ப்பது வழக்கம்தானே. தங்கச்சிக்கென்று வாங்கிய எல்லாவற்றையும் கடையில்தான் வைத்திருக்கிறேன். அதற்குள் அவர்கள் கைக்கும் தாள் போய்விட்டிருந்தது. ஒன்றல்ல, முழுக் கதையும். மாப்பிள்ளை கோமதிசங்கரே தெருவெல்லாம் கேட்டு வாங்கி, வரிசைப்படுத்தி, ஊசிநூலால் தைத்து வைத்திருக்கிறாராம்.

நான் குக்கரை எடுத்து முன்னால் வைத்தேன். சம்பந்தியம்மாள் பாம்பைக் கண்டது போல நகர்ந்து உட்கார்ந்தார்கள். “எதுக்கு அண்ணாச்சி? மண்பானைச் சோறுதான் எங்க வீட்ல எல்லாருக்கும் ஒத்துக்கிடும்” என்றார்கள். கிரைண்டரைக் காட்டினேன். “ஆட்டுரல் சும்மாதான கெடக்கு.” பீரோவை? “துணிய கொடியில போட்டாத்தான் காத்தாடும்.” ஃபேன்? “வாசல்ல வேம்பு நிக்கி.” மூன்று மாதமாக இவற்றுக்காகத்தான் தூதுமேல் தூது விட்டார்கள் என்பதை நினைத்து, நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நிமிர்ந்தால் சிரித்துவிடுவேன். பாதுஷா முன்னமே எழுந்து பின்கட்டுக்கு ஓடிவிட்டான்.

கடைசியாக டி.வி. அதை விட அவர்களுக்கு மனசில்லை. குரலைத் தாழ்த்தி, “அந்தக் கதையில டி.வி.யால ஒருத்தரும் சாவலைல்லா அண்ணாச்சி?” என்றார்கள். “இதுவரைக்கும் இல்ல. பூமாரி அடுத்த கதை எழுதிக்கிட்டு இருக்கா” என்றேன். சத்தியமாக, எனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னேன். டி.வி.யும் வேண்டாம் என்றார்கள். எழுந்திருக்கும்போது, “சின்னவளும் இப்பிடி எழுதுவாளோ?” என்று ஒரு கேள்வி. “சேச்சே, அவளுக்கு எழுத்தெல்லாம் வராது. சமையல் மட்டுந்தான்” என்றேன். அதைக் கேட்டு முகம் இன்னும் வெளிறிப்போயிற்று. இருந்தாலும் கல்யாணம் உறுதி. மாப்பிள்ளை, கட்டினால் இந்த வீட்டுப் பெண்ணைத்தான் கட்டுவேன் என்கிறாராம். அந்தத் தைத்த புத்தகத்தில் நீ கையெழுத்துப் போட வேண்டுமாம். நீ வராவிட்டால் யார் போடுவது? நான் போட்டால் கடை பில் மாதிரி இருக்கும்.

இன்னும் ஒருத்தர் வந்தார்கள். பேச்சித்தாய். உன்னோடு பத்தாவது வரை படித்த வேலம்மாளின் தாய். ஸ்டவ் வெடித்ததென்று சொல்லிப் புகுந்த வீட்டார் அந்தப் பிள்ளையைக் கொண்டுபோய்ப் புதைத்து மூன்று வருஷமாகிறது. அதற்கப்புறம் இந்த அம்மாளை நான் கடைத்தெருவில் பார்த்ததில்லை. யாரோ பாதிக் கதை சொல்லியிருக்கிறார்கள். “எனக்கு எழுத்து தெரியாது. நீங்க வாசிங்க அண்ணாச்சி” என்று ஒரு அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

கொலை வருகிற இடங்களைத் தாண்டி வாசிக்கலாமா என்று பார்த்தேன். “ஒண்ணும் விடாதீங்க” என்றார்கள். மாமியார் செத்தபோது தலையை மட்டும் ஆட்டினார்கள். பீரோவைப் பூட்டிவிட்டு அந்தப் பெண் சாவியைத் தண்ணீர்ப் பானைக்குள் போட்டாள் அல்லவா, அப்போது லேசாக ஒரு சிரிப்பு. குக்கர் வந்ததும், அம்மாடி! வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டு, அண்டா ஆடுகிற அளவுக்குச் சிரித்தார்கள். பார்த்து நானும் சிரித்தேன். பாதுஷா சிரித்தான். வெளியே மாவிலை விற்கிறவள், விஷயம் தெரியாமலே சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நல்லாத்தான் எழுதியிருக்கா. ஆனா கொழுந்தன எதுக்கு விட்டுட்டா?” என்று கேட்டார்கள். “கதையில கொழுந்தனே கிடையாதும்மா” என்றேன்.

“எம் மவ வீட்டுல உண்டும் அண்ணாச்சி. அவந்தான் மண்ணெண்ணெ டின்ன எடுத்துக் குடுத்தது.”

கேஸு கோர்ட்டில் சொல்லாத பேச்சு இது, மக்கா. எந்த ஆபீசிலும் அந்த அம்மாளை உட்காரவைத்து யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது. உன் கதையை வாசித்துக் காட்டியதால் அண்டா மேல் உட்கார்ந்து சொல்லிவிட்டார்கள். “அவளுக்குச் சொல்லி அனுப்புதேன். எழுதுவா” என்றேன். உன்னைக் கேட்காமல் வாக்குக் கொடுத்துவிட்டேன். நாற்பது வருஷமாகப் பாத்திரம் விற்கிறவன், சரக்கு கையில் இல்லாமல் இப்படி ஆர்டர் எடுத்தது இதுவே முதல் தடவை.

ஆகையால் கிழித்துப் போட்டதை ஒட்டுவாயோ, புதிதாக எழுதுவாயோ, அது உன் பாடு. ஆவணி இருபத்தாறு வியாழக்கிழமை முகூர்த்தம். நாலு நாள் முன்னதாகவே லீவு போட்டுவிட்டுக் கொல்லம் மெயிலில் ஏறி வந்துசேர். ஸ்டேஷனுக்கு மூக்காண்டியை அனுப்புகிறேன். அவன் உன்னிடம் ஏதோ சொல்ல வேண்டும் என்கிறான், மன்னிப்பாகத்தான் இருக்கும். அவனை அதிகம் அலையவிடாதே. சம்பந்தி வீட்டார் உன் முகத்தைப் பார்த்து நடுங்கினால் நடுங்கட்டும், தங்கச்சிக்கு அது பீரோவைவிட நல்ல சீர்.

பேச்சித்தாய் படியிறங்கும்போது திரும்பி நின்று, நீ எந்தக் கையால் எழுதுவாய் என்று கேட்டார்கள். வலது கை என்றேன். “கோமதித் தாயே, அந்தக் கைக்கு ஒரு நோவும் வரப்படாது” என்று கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். இதைவிடப் பெரிய ஆசீர்வாதம் என்னிடம் இல்லை. அதனால் அதையே நானும் எழுதி முடிக்கிறேன்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
வழுக்கைத்தலை அப்பா
செல்லப்பா