கரண்ட் போன இடத்தில் நின்ற நாடகம்

1978 ஆவணி, செவ்வாய் இரவு

எதிர்வீட்டு டெலிவிஷனில் இன்று நாடகம். ஒரு தொழிலாளியின் கை மெஷினில் சிக்கிவிட்டது. நேரில் பார்த்தவன் முதலாளிக்காகப் பொய் சொல்வானா என்ற இடத்தில் கரண்ட் போய்விட்டது. இருட்டிலேயே ஆளாளுக்குத் தீர்ப்புச் சொன்னார்கள்.

"பொய்தான் சொல்லுவான். புள்ளகுட்டிக்காரன், வேற இன்னா பண்ணுவான்?" என்றார் எதிர்வீட்டு அக்கா.

"நெசத்தத்தான் சொல்லுவான்க்கா."

அது என் அண்ணனின் குரல்.

"அப்ப வேல பூடும்டா!" என்று எல்லோரும் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. கும்மிடிப்பூண்டி கம்பெனியில் தன்னோடு வேலை செய்யும் கூட்டாளியின் விரல் மெஷினில் துண்டானதை அண்ணன் பார்த்திருக்கிறான். நாளை விசாரணை. தவறு கூட்டாளியுடையது என்று சொல்லச் சொல்லியிருக்கிறார் மேனேஜர். எங்கள் வீட்டில் அண்ணன் சம்பளம் மட்டும்தான்.

படித்த கதைகளில் எல்லாம் நான் உண்மையின் பக்கம்தான். காலையில் முதல் ரயிலுக்கு அவனை நான்தான் எழுப்ப வேண்டும். எழுப்பாமல் விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது.