பல்லுக்குள் நின்ற நுனி

புரட்டாசி, செவ்வாய்க்கிழமை.

இன்று மாரியப்பண்ணனுக்குக் கடைவாய்ப் பல்லில் ரூட் கேனால் செய்தபோது வேரைக் குடைந்து சுத்தம் செய்யும் ஊசி போன்ற மோட்டார் ஃபைலின் நுனி உடைந்து உள்ளேயே நின்றுவிட்டது. கையால் திருகும் ஸ்டீல் ஃபைல் நேரம் பிடிக்கும். ஆனால் பெரும்பாலும் உடையும் முன் அதன் முறுக்குப் பிரிவது கண்ணுக்குத் தெரியும். மோட்டார் ஃபைல் வளைந்த வேரிலும் சுலபமாக இறங்கும், உடையப் போவதை மட்டும் காட்டாது. தெரிந்தும் வேகத்துக்கு ஆசைப்பட்டேன்.

அவரிடம் மறைக்காமல் சொன்னேன். வலிக்குமா என்று அவர் கேட்கவில்லை.

"இரும்பா டாக்டரம்மா? நான் பட்டாசுக் கம்பெனில மருந்து கலக்குற ரூம்ல வேலை பாக்கேன். அங்கன சாவிகூடக் கொண்டு போகக் கூடாது."

பல்லுக்குள் மூடிக் கிடக்கும் துணுக்கால் தீப்பொறி வராது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொன்னாச் சரிதான். ஆனா என்கூட இன்னும் மூணு பேரு நிக்காகளே."

துணுக்கை எடுத்துவிடுவதாகச் சொன்னேன். சீசன் நேரத்தில் லீவு சொல்லிவிட்டு நாளை வருகிறார். காலையில் வேறு யாருக்கும் நேரம் கொடுக்கவில்லை. மெல்லிய ஸ்டீல் ஃபைலால் பக்கத்தில் வழி உண்டாக்கி, கையாலேயே எடுப்பேன். எடுத்ததை அவர் உள்ளங்கையில் வைக்க வேண்டும். அந்த மூன்று பேரிடமும் காட்டட்டும்.