ஆயிரத்து இருநூறாவது அடியில் ஆந்தை

கிழக்குத் தாம்பரம்,
12.1.2025, ஞாயிறு

அன்புள்ள ஹிதாயத்,

நலம். சந்திரிகாவும் நலம். நீ நலமா என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. இருந்தும் கேட்கிறேன்.

நீ விழுந்ததை ஃபாயிசா போனில் சொன்னாள். எலும்பு முறியவில்லையாம், முழங்கையில் வீக்கம்தானாம். எப்படி விழுந்தான் என்று கேட்டேன். "உங்க லெட்டராலதான் அங்கிள்" என்றாள்.

நன்மங்கலம் காட்டில் கேட்டிலிருந்து காலடி எண்ணி, எத்தனையாவது அடியில் எதைப் பார்த்தோம் என்று குறிப்பது நம் ஞாயிற்றுக்கிழமை வழக்கம். நீ போன பிறகும் வாராவாரம் அப்படியே எழுதி அனுப்பினேன். பக்கவாதம் வந்த காலோடு, சவூதியில், தம்மாமில் மகள் வீட்டு வராந்தாவில், நீ அந்தக் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு அதே அடிகளை நடப்பாய் என்று நான் நினைக்கவில்லை. எண்பதில் நுணா மரம். ஐந்நூறில் மான். ஆயிரத்து இருநூறில், குவாரிப் பாறையில் கொம்பன் ஆந்தை. நீ விழுந்தது ஆயிரத்து நூற்றுத் தொண்ணூறிலாம். "இன்னும் பத்தடிதான், ஆந்தையப் பார்த்துட்டு உட்கார்றேன்னு அத்தா ஒரே அடம்" என்றாள்.

ஹிதாயத், அந்த ஆந்தையை நான் பார்க்கவில்லை. நீ ஊரைவிட்டுப் போன இந்த ஏழு மாதமும் காட்டுக்குள் கால் வைக்கவில்லை. கேட்டுக்கு எதிரே சாலமன் கடை பெஞ்சில் உட்கார்ந்து, நம் பழைய நோட்டைப் பார்த்து எழுதினேன். மானுக்குக் குட்டி கொடுத்தது மட்டும் என் கைங்கரியம். "இன்னா சார், இன்னிக்கு எத்தினி மானு?" என்று டீயை நீட்டும்போதே சாலமன் கேட்பான். தேதியை மட்டும் நேர்மையாகப் போட்டு வந்தேன்.

இன்று காலை போனேன். முப்பதில் பால் கவர். அறுபதில் ஓணான், என்னை மதிக்கவில்லை. நுணா மரம் எண்பதில் இல்லை, தொண்ணூற்றாறில் இருக்கிறது. மரம் நகரவில்லை, என் அடிதான் சிறுத்துவிட்டது. இருநூற்றுப் பத்தில், சூரைப் புதருக்குள்ளிருந்து ஆறுமணிக்குருவி கூப்பிட்டது. மணி ஆறே கால். ஆளைக் காணவில்லை. நானூறில் மூச்சு வாங்கியது. சாக்குச் சொல்லப் பக்கத்தில் யாரும் இல்லாததால் உட்கார்ந்துவிட்டேன்.

நீயும் நானூறில் உட்கார். ஃபாயிசாவை அங்கே ஒரு நாற்காலி போட்டு வைக்கச் சொல். பழைய கடிதங்களைக் கிழித்துப் போடு. அடுத்த ஞாயிறு நானூற்றைம்பது. நான் நடந்த பிறகு எழுதுகிறேன், அதற்கு முன் நீ நடக்காதே.

ஆந்தை அங்கேயே இருக்கட்டும். என்னை விட்டுவிட்டு அதனிடம் போய்விடாதே.

உன்,
தசரதன்