நீ வாங்கிய ஜெர்மன் கார்

இன்று காலை பட்டறைக்கு ஒரு பழைய பெரிய காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். கதவைத் திறந்ததும், ஈரத்தில் ஊறிய தோல் இருக்கையின் புளித்த நாற்றமும் அதை மறைக்க அடித்திருந்த அத்தர் வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறின. உடனே உன் ஞாபகம் வந்தது. மற்றவர்களுக்குச் செத்தவர்களின் ஞாபகம் பூவிலும் ஊதுபத்தியிலும் வரும். எனக்கு நீ இப்படித்தான் வருகிறாய். வந்தவர்களை இரண்டு நாள் கழித்து வரச் சொல்லிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. செத்தவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்பார்கள். உயிரோடு இருந்தபோது உன் முகத்துக்கு நேரே சொன்னதை மாற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன்னைப் போல ஒரு மடையனை நான் நம் கோட்டாறு ஊரில் பார்த்ததில்லை. இரண்டாமவன் ஒருவன் இருக்கிறான். அவனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தோம். நான் பட்டறைக்குப் போனேன், நீ கல்யாணமான கையோடு அரபு நாட்டுக்குக் கார் ஓட்டப் போனாய். இருபத்திரண்டு வருடம் ஒரே முதலாளி. அரபாப், அரபாப் என்று அந்த முதலாளியைச் சொல்லும்போதே உன் முதுகு நிமிர்ந்துகொள்ளும். அவன் குடும்பம் வெயிலுக்குப் பயந்து வெளிநாடு போகும் மாதத்தில்தான் உனக்கு லீவு. அது எப்போதும் ஆடியில் வந்து விழும். ஆடி மாதத்தில் நம் ஊருக்கு வந்து, பழையாற்றில் குளித்து, மீன் குழம்பு தின்று, மூன்று சட்டைத் துணி கொடுத்துவிட்டுத் திரும்பிப் போவாய்.

ஒரேயடியாகத் திரும்பி வந்ததும் நீ செய்த முதல் காரியம், பழைய ஜெர்மன் கார் ஒன்றைத் தேடியது. உன் அரபாப் வைத்திருந்த அதே மாதிரி, அதே வெள்ளி நிறம். திருவனந்தபுரத்தில் ஒரு புரோக்கர் வீட்டு முற்றத்தில் அது நின்றது. நீ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்தாய். நான் குனிந்து பார்த்தேன். மீட்டர் எழுபதாயிரம் கிலோமீட்டர் காட்டியது. பிரேக் மிதியின் ரப்பரோ வரி ஒன்றுகூட மிஞ்சாமல் மழுங்கிக் கிடந்தது. எழுபதாயிரத்தில் எந்த ரப்பரும் அப்படித் தேயாது. இரண்டு லட்சத்துக்குக் குறையாமல் ஓடி, மீட்டரைத் திருப்பி வைத்த வண்டி. உன்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன்.

"வேண்டாம்லே. சவத்தைத் தொடாத."

"இதே வண்டிய நான் இருவத்திரெண்டு வருசம் ஓட்டினவனாக்கும். ஒரு நாளு ரோட்டுல நின்னது கெடையாது, கேட்டியா?"

"சர்வீஸ் யாருலே பாத்தா?"

"கம்பெனிக்காரன் காலைல வந்து எடுத்துட்டுப் போவான். சாயங்காலம் கொண்டு விடுவான்."

"பில்லு?"

"அது எனக்கென்ன தெரியும்? அரபாப்புக்க ஆபீசுக்குல்லா போவும்."

இதைச் சொல்லும்போது உன் முகத்தில் ஒரு சந்தேகம்கூட இல்லை. இருபத்திரண்டு வருடம் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தவனுக்கு அந்தக் கார் எப்படி உயிரோடு இருந்தது என்று தெரியாது. கழுதைக்கு வைத்தியம் பார்ப்பவனே மேல், அது என்ன தின்கிறது என்றாவது கேட்பான். நீ அன்றைக்கே முன்பணம் கொடுத்தாய்.

வண்டியை ஊருக்கு எடுத்து வந்த அன்றே, களியக்காவிளை தாண்டியதும் ஏசி நின்றது. அதற்குப் பிறகு ஒன்பது மாதம் அந்தக் கார் என்னைப் படுத்திய பாடு எனக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை வைத்த வண்டி அது. பை கசிந்து, காலையில் வந்து பார்த்தால் முன்பக்கம் எருமை முட்டி போட்டது போலத் தரையோடு கிடக்கும். அதைச் சரி செய்தால் தண்ணீர்க் குழாய் வெடிக்கும். குழாயை மாற்றினால், மாற்றும்போது தொட்ட இன்னொரு பிளாஸ்டிக் மூடி பொடிப் பொடியாக உதிரும். டாஷ்போர்டில் மஞ்சளும் சிவப்புமாக விளக்குகள் எரிந்துகொண்டே இருக்கும். கடைசியில் எலி வந்து ஒயரைக் கடித்தது. உதிரி பாகத்துக்காக நான் மூன்று முறை கொச்சிக்கு பஸ் ஏறினேன்.

உன் வீட்டுத் தெருவுக்குள் அந்தக் கார் நுழையாது. அந்த அகலத்தையாவது வாங்கும் முன் அளந்து பார்த்தாயா? இல்லை. ஆகவே என் பட்டறையில்தான் நின்றது. தினமும் காலையில் நீ ஒரு ஓட்டை சைக்கிளை மிதித்துக்கொண்டு, உன் காரைத் துடைக்க வருவாய். எதிர் டீக்கடையில் இருந்து கேட்பார்கள், "அண்ணாச்சிக்க கப்பலு இன்னைக்கு மெதக்குதா?" நீ பெருமையாகக் கையை ஆட்டுவாய். அது கேலி என்று உனக்குப் புரியவில்லையா, புரிந்தும் ஆட்டினாயா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எனக்குத்தான் மானம் போனது.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருந்தது. உன் ஒரே மகளுக்குக் களியக்காவிளைப் பக்கம் மாப்பிள்ளை, கல்யாண மண்டபமும் அங்கேதான். அன்றைக்குக் கியர்பெட்டியும் இடக்கு செய்யத் தொடங்கியிருந்தது. நான் ஸ்பானரைத் தரையில் எறிந்துவிட்டு, "வித்துத் தொலைலே இந்த எளவ" என்று கத்தினேன். நீ துடைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய்.

"அரபாப்புக்கு ரெண்டு பொட்டப்புள்ளைய. சின்னதுல இருந்து காலேஜ் முடியுற வரைக்கும் நான்தான் கொண்டு விட்டேன். தெனமும் பின் கதவத் தொறந்து பிடிச்சிட்டு நிப்பேன், அதுவ ஏறி உக்காரும். எனக்க மவ வேனுல தொங்கிட்டுப் போனா. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, எனக்க மவளுக்கு நான் அந்தக் கதவத் தொறந்து பிடிக்கணும் மக்கா. கல்யாணத்துக்கு அவள நான் இதுல கொண்டு போவேன். ஆருட்டயும் சொல்லாத. அவளுக்கும் தெரியாண்டாம்."

எனக்கு என்னவோ செய்தது. அதே நேரத்தில் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது. பெண்ணை அழைக்க மாப்பிள்ளையின் அக்கா வருவாள், மாப்பிள்ளை வீட்டுக் காரில்தான் பெண் ஏறுவாள், நம் பக்கத்தில் இது சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். உனக்கு எங்கிருந்து தெரியும்? உன் கல்யாணத்தில் பெண் வீடு அடுத்த தெரு, எல்லாரும் நடந்தே போனோம். பிறகு இருபத்திரண்டு வருடமும் நீ வந்தது ஆடியில். ஆடியில் நம் ஊரில் எவன் கல்யாணம் வைக்கிறான்?

அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "லேய், அதுக்கு இல்ல..." என்று ஆரம்பித்தேன். காருக்குத்தான் ஏதோ குறை சொல்லப் போகிறேன் என்று நினைத்து நீ முந்திக்கொண்டாய். "ஒனக்கு ஒரு பொட்டப்புள்ள இருந்திருந்தா இப்பிடிப் பேச மாட்ட" என்றாய்.

எனக்கும் என் வீட்டுக்காரிக்கும் பிள்ளை இல்லை என்பதை ஊரில் யார் யாரோ குத்திக் காட்டியிருக்கிறார்கள். நீ ஒருநாளும் சொன்னதில்லை. அன்று சொன்னாய். சொன்னது உனக்கே தெரியவில்லை, மறுபடி துணியை எடுத்துக்கொண்டு துடைக்கப் போய்விட்டாய். நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன். போ, போய்ப் பட்டு அறி என்று நினைத்தேன். ஒரு மாதம் இருந்தது. ஒவ்வொரு நாளும் நீ வந்தாய். ஒவ்வொரு நாளும் நான் சொல்லவில்லை. கியர்பெட்டியைப் பிரித்து, வைராக்கியமாக அந்தக் காரை மணி போல ஓட வைத்தேன். நான் சொன்ன இரண்டாவது மடையன் இவன்தான். மடையன் என்பது அவனுக்கு மரியாதையான சொல்.

கல்யாணத்தன்று விடிந்ததும் நீ காரைத் தெருமுனையில் கொண்டு நிறுத்தினாய். வெள்ளைச் சட்டை, வெள்ளை பேண்ட், பளபளக்கும் ஷூ. மற்ற கல்யாணங்களில் பெண்ணின் அப்பா பட்டு வேட்டியில் நிற்பார், நீ டிரைவர் போல நின்றாய். உன் காருக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டுக் கார், பூச்சரம் சுற்றிய சின்னக் கார், வந்து நின்றபோதுகூட உனக்கு உறைக்கவில்லை. குரவைச் சத்தத்தோடு உன் மகள் தெருவில் நடந்து வந்தாள். நீ பின் கதவைத் திறந்து, இடது கையை மடித்து வைத்து, லேசாகக் குனிந்து நின்றாய். இருபத்திரண்டு வருடம் பழகிய நிற்பு.

மாப்பிள்ளையின் அக்கா அவள் கையைப் பிடித்து முன் காருக்குத் திருப்பினாள். "அப்பாக்க வண்டியிலயா? பொண்ணு எங்க வண்டியிலல்லா ஏறணும்" என்று சிரித்தாள். கூட வந்த பெண்களும் சிரித்தார்கள். உன் மகள் உன்னை ஒரு பார்வை பார்த்தாள். அதில் வெட்கம்தான் இருந்தது, வேறு எதுவும் இல்லை. "ஆமாமா, தெரியும்லா, நாங்க பின்னால வாறோம்" என்றாய். கதவை மூடவில்லை. எங்கிருந்தோ மூன்று கிழவிகள் வந்து, வெற்றிலைப் பெட்டியும் தூக்குச் சட்டியுமாக ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். ஒருத்தி செருப்போடு காலைத் தூக்கி மடக்கி வைத்தாள். நீ அவர்களுக்காகக் கதவைப் பதமாகச் சாத்தினாய்.

நான் முன்னால் உன் பக்கத்தில் இருந்தேன். பூச்சரம் சுற்றிய கார் முன்னால் போக, நாம் பின்னால் போனோம். தக்கலையைத் தாண்டினோம். மார்த்தாண்டம் வந்தபோது ரோட்டைப் பார்த்தபடியே கேட்டாய்.

"ஒனக்குத் தெரியும்லா?"

"ஒனக்கும் தெரியும்ணுல்லா நெனச்சேன்" என்றேன். பச்சைப் பொய்.

"இருவத்திரெண்டு வருசத்துல ஒரு கல்யாண வீட்டுலயும் நான் நின்னது கெடையாது, பாத்துக்கோ" என்றாய். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கோபப்பட்டு என் சட்டையைப் பிடித்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். அந்தப் பாழாய்ப் போன கார் அன்றைக்கு மட்டும் ஒரு விளக்குகூட எரியாமல், ஒரு சத்தம்கூட இல்லாமல், களியக்காவிளை வரை வெண்ணெய் போல ஓடியது.

அதன் பிறகு நீ துடைக்க வரவில்லை. கார் என் பட்டறை மூலையில் முட்டி போட்டுக் கிடந்தது. ஒன்றரை வருடம் கழித்து நெஞ்சுவலி வந்தபோது பக்கத்து வீட்டு ஆட்டோவில்தான் உன்னைக் கொண்டுபோனார்கள். நான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

போன மாதம் உன் மகள் காரைப் பழைய இரும்புக்குப் போட ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பிறந்ததில் இருந்து என்னை மாமா என்று கூப்பிடுகிற பிள்ளை. ஆட்கள் காரை லாரியில் ஏற்றும்வரை என் பக்கத்தில் நின்றாள்.

"மாமா, அப்பா இத எதுக்கு வாங்கினாங்க? அம்மா கேட்டதுக்கும் சொல்லல. என் கல்யாணத்தன்னைக்கு, எல்லாரும் பாக்கணும்ணு கதவத் தொறந்து போட்டுட்டு நின்னாங்க. எனக்குச் செத்திரலாம்போல இருந்துச்சு. வெறும் பந்தாவுக்குத்தான?"

சொல்லியிருக்கலாம். சொன்னால், உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா மாமா, ஏன் அப்பாவிடம் சொல்லவில்லை என்று அடுத்த கேள்வி வரும். "பந்தாவுக்குத்தான் மக்கா" என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டு போனாள்.

உன்னைக் காலமெல்லாம் ஏளனம் செய்தேன். அதற்கெல்லாம் உனக்குத் தகுதி இருந்தது. இந்த ஒன்றுக்கு மட்டும் இல்லை. கண்ணை மூடினால் அந்தக் கார் வரவில்லை, அவள் தலையாட்டிக்கொண்டு போனதுதான் வருகிறது.

இவ்வளவையும் உனக்கு எழுதி என்ன பயன்? உனக்குத்தான் எல்லாம் தெரியுமே. தெரிய வேண்டியவள் களியக்காவிளையில் இருக்கிறாள். உறையில் அவள் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். நாளைக்குத் தபாலில் போட்டுவிடுவேன். படித்த பிறகு அவள் என்னை மாமா என்று கூப்பிடுவாளா என்று தெரியவில்லை.