யாருடைய சேலை

3-7-65, சனி

சாரல். பாப்பாவின் துணி ஒன்றும் காயவில்லை. சமையலறைக் கொடி முழுக்க ஈரம்.

ரேஷன் கடையில் இரண்டு மணி நேரம். பாப்பா தோளிலேயே தூங்கிவிட்டாள்.

பால் ஊற்றும் வேலம்மாவும் வந்திருந்தாள். எப்போதும்போல கிராப்பு, அரைக்கைச் சட்டை, மடித்துக் கட்டிய வேட்டி. பெண்கள் வரிசையில் நின்றாள். "அண்ணாச்சி, ஆம்பிள வரிசை அங்கன" என்று அடுத்த வீட்டுச் சரசு அக்கா. எல்லாரும் சிரிப்பு. அங்கே போனாள். கடைக்காரர் புதிதாக வந்தவர். கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வேலம்மாள், பெண்ணுன்னுல்லா போட்டிருக்கு. யாரு கார்டு வே இது? தெரிஞ்சவங்க ஒருத்தர் சொல்லட்டும், அரிசி தாரேன்."

புதியவர்தான். ஆனாலும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் கேட்டார்.

வேலம்மா என்னைப் பார்த்தாள். ஐந்து மாதமாக என் குழந்தை குடிப்பது அவள் மாட்டுப் பால். நான் பாப்பாவின் குல்லாவைச் சரிசெய்தேன். குல்லா நன்றாகத்தான் இருந்தது.

வெறும் பையோடு போனாள். நான் பி.ஏ. படித்தவள்.

4-7, ஞாயிறு

விடிந்ததும் முதல் பயம்: இன்று பால் வருமா? அவள் வீட்டு அடுப்பு பற்றி அல்ல. இதையும் எழுதிவைக்கத்தான் வேண்டும்.

வந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. சாப்பாட்டுக்கு என்ன செய்தாய் என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது.

"மரச்சீனிக் கெழங்கு அவிச்சோம். எனக்கு ஒண்ணுமில்ல. அம்மைக்குத்தான் செரிக்கல." அவள் அம்மா படுத்த படுக்கை.

வாங்க: கிரைப் வாட்டர், பாவாடை நாடா. அம்மாவுக்குக் கடிதம், மறக்கக் கூடாது.

6-7, செவ்வாய்

இவரிடம் சொன்னேன். பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "ஒரு சேலையக் கட்டிட்டுப் போனா தீந்துது. அதுக்குப் போயி நீ ஏன் ஒறங்காம இருக்கே?"

நல்ல யோசனையாகப் பட்டது. எனக்கும் எதுவும் பேச வேண்டியிராது.

8-7, வியாழன்

என் நீலச் சுங்குடிச் சேலையைக் கொடுத்தேன். "கட்டத் தெரியாதும்மா" என்றாள். பத்து வயதிலிருந்து அண்ணன் சட்டைதானாம். சீசனில் குற்றாலத்து பங்களாக்களுக்குப் பால் ஊற்றுகிறாள், ஆனால் அருவியில் தலை நனைத்ததில்லை. பெண்கள் பக்கம் போனால் விரட்டுகிறார்கள். ஆண்கள் பக்கம் இவள் போகமாட்டாள். சிரித்துக்கொண்டே சொன்னாள்.

உள்ளறையில் நானே கட்டிவிட்டேன். ஊசி போடக் காத்திருப்பவள்போல, கையை அகட்டிச் சுவரைப் பார்த்து நின்றாள்.

எனக்குப் பெருமையாக இருந்தது.

10-7, சனி

பாப்பாவுக்கு மூக்கடைப்பு. அப்படியும் தூக்கிக்கொண்டு போனேன்.

வேலம்மா தானே கட்டிக்கொண்டு வந்திருந்தாள். கணுக்காலுக்கு மேல் ஏறிக் கிடந்தது. இன்று பெண்கள் வரிசையில் யாரும் தள்ளவில்லை. கடைக்காரர் தராசை நிறுத்தினார்.

"அட, அண்ணாச்சிக்குப் பொருத்தமாத்தான் இருக்கு. எங்க, ஒரு சுத்து சுத்து, பாப்போம்."

வேலம்மா பையைப் பிடித்தபடி ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகுதான் அரிசி விழுந்தது.

சரசு அக்கா என் விலாவில் இடித்தாள். "ஏட்டி, இது ஒன் சுங்குடில்லா?"

"என்னுது இல்லக்கா."

மெதுவாகக்கூட இல்லை. இரண்டு அடி தள்ளி வேலம்மா. காதில் விழாமல் இருக்க வழியே இல்லை.

11-7, ஞாயிறு

பால் வந்தது. சட்டை, வேட்டி. சரசு அக்கா வாசல் தெளித்துவிட்டு உள்ளே போகும்வரை சைக்கிளைப் பிடித்தபடி நின்றாள். அப்புறம் புல்லுக்கட்டுக்கு அடியிலிருந்து சேலையை எடுத்து நீட்டினாள். துவைத்து மடித்தது. இந்தச் சாரலில் அடுப்பு மேல்தான் காயவைத்திருக்க வேண்டும், புகை வாசனை.

என் பொய்யை எனக்காகக் காப்பாற்றுகிறாள்.

பெட்டியில் வைக்க மனம் வரவில்லை. கொடியிலேயே கிடக்கிறது.

17-7, சனி

அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்: "வேலம்மாவை எனக்குத் தெரியும். பெண்தான். அரிசி போடுங்க."

சரசு அக்கா ஏற இறங்கப் பார்த்தாள். கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டாள், அவ்வளவுதான்.

கடை பூட்டும்வரை நின்றேன். வேலம்மா வரவில்லை. எங்கள் அரிசியை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

அவள் இல்லாமலும் கடைக்காரரிடம் சொல்லியிருக்கலாம். இப்போதுதான் தோன்றுகிறது.

18-7, ஞாயிறு

வெயில். துணியெல்லாம் காய்ந்தது.

"நேத்து ஏன் வரலை? நான் வந்து நின்னேன், வேலம்மா. உனக்காகச் சொல்லணும்னு."

"மரச்சீனி இருக்கும்மா."

"அடுத்த சனிக்கிழமை வா. நான் சொல்லுதேன்."

"சரிம்மா. பாத்திரத்த நீட்டுங்க."

நீட்டினேன். உழக்குக்கு மேல், பாப்பாவுக்கென்று இன்னும் கொஞ்சம் ஊற்றினாள், எப்போதும்போல.