எந்தப் பக்கம் போகச் சொல்லி ஜெபிப்பது

என் செல்ல அப்பா,

நீங்கள் போன பிறகு முதல் தடவையாகப் போன வாரம் அம்மா வாய் திறந்து ஜெபித்தாள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நீங்கள் போன அந்தக் காலையில் வீட்டுக்குள் நடந்தது உங்களுக்குத் தெரியாது. யானை நம் லைன் வீட்டுக்குப் பின்னால், பலாமரத்தடியில் நின்றது. பனிமூட்டத்தில் உருவம் தெரியவில்லை, காதை விசிறும் சத்தம் மட்டும் கேட்டது. அம்மா என்னையும் தம்பியையும் இழுத்து அணைத்துக்கொண்டு, "எங்க ஊட்டுப் பக்கம் வேண்டாம் ஆண்டவரே, அந்தப் பக்கமாத் திருப்பி விடும்" என்றாள். நான் ஆமென் சொன்னேன். யானை திரும்பியது. பேக்டரிக்குப் போகும் பாதையில் இறங்கியது.

ஷிஃப்ட் முடிய இன்னும் நேரம் இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தோம். தேயிலைக் கொழுந்து குறைவு என்று அன்றைக்குச் சீக்கிரமே விட்டுவிட்டார்களாம். நீங்கள் அந்தப் பாதையில் வந்துகொண்டிருந்தீர்கள்.

"அவங்களுக்கும் நமக்கும் ஒரே எஸ்டேட்டுதான், அவங்களுக்கு மட்டும் ஷிஃப்ட் கிடையாது" என்று யானைகளைப் பற்றிச் சொல்லிச் சிரிப்பீர்களே. இப்போது அதை யாரும் சொல்வதில்லை.

உங்களை அடக்கம் செய்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, சாட்சி சொல்லும் நேரத்தில் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அத்தை எழுந்து நின்றார். "ஆனை எங்க வாசல் வரைக்கும் வந்துச்சுங்க. கர்த்தர் கிருபையாத் திருப்பி விட்டாருங்க" என்றார். சபை அல்லேலூயா சொன்னது. அதற்குப் பிறகுதான் அத்தை அம்மாவைப் பார்த்தார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் கெட்டவர் இல்லை அப்பா. அந்த வாரம் முழுவதும் எங்களுக்குச் சோறு கொடுத்தது அவர்தான்.

அன்றிலிருந்து அம்மா கோயிலுக்கு வருவாள், ஆமென் சொல்ல மாட்டாள். வீட்டில் தம்பிதான் சாப்பாட்டு ஜெபம் செய்கிறான். முட்டை இருந்தால் மட்டும் நீளமாகச் செய்கிறான்.

தகுதியில்லாதவர்களுக்குக் கிடைக்கும் தயவுதான் கிருபை என்று ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்திருக்கிறேன். அப்படியானால் உங்களுக்குக் கிடைத்தது என்ன? தெரிந்த புத்தகங்களில் எல்லாம் தேடிவிட்டேன். எங்களுக்கு வேண்டாம் என்று நாங்கள் தள்ளியதை உங்கள் மேல் போட்டது ஆண்டவரா, நாங்களா?

போன வாரம் அந்த யானை மறுபடி வந்தது. அதே மரம், அதே பனி. ஸ்டெல்லா அத்தை முன்வாசல் வழியாக எங்கள் வீட்டுக்குள் ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்தார்.

"ஜெபம் பண்ணுங்க அண்ணி. அந்தப் பக்கம் போயிரணும்னு கேளுங்க."

"எந்தப் பக்கம் போகச் சொல்றே?" என்றாள் அம்மா.

அத்தைக்குப் புரியவில்லை.

"அண்ணன் எங்கே ஸ்டெல்லா?"

அத்தையின் கை நழுவியது. பேக்டரியில் உங்கள் இடத்தில் இப்போது அத்தையின் வீட்டுக்காரர், மாமாதான் வேலை செய்கிறார். அம்மா பேக்டரி வாட்ச்மேனுக்குப் போன் போட்டாள். "அவர் அப்பவே கிளம்பிட்டாருங்களே" என்றார் அவர். மாமாவின் போன் கிடைக்கவில்லை. பாதையில் டவர் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

அம்மா முழங்காலில் நின்றாள். அவள் ஜெபிக்கும் குரலே எனக்கு மறந்துபோயிருந்தது.

"ஆண்டவரே, அது இங்கயே நிக்கட்டும்."

அவ்வளவுதான் ஜெபம். அத்தை தரையில் கவிழ்ந்து அழுதார். தம்பி என்னைப் பார்த்தான். நான் ஆமென் சொல்லவில்லை. என் உதடு தானாக, போகட்டும், போகட்டும் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தது. பாதையில் யார் வருகிறார் என்று தெரிந்தும் அப்பா.

யானை போகவில்லை. அரிசி வாசனைக்கு அடுக்களைச் சுவரை முட்டிச் சரித்தது. நாங்கள் நால்வரும் முன்னறையில் கட்டிலுக்கு அடியில் கிடந்தோம். சுவர் விழுந்த சத்தம் கேட்டு மாமா பாதியிலேயே பேக்டரிக்குத் திரும்பி ஓடியிருக்கிறார். அது மூட்டையைத் தின்று முடித்துவிட்டு, வெயில் ஏறிய பிறகு, ஆள் இல்லாத அதே பாதையில் இறங்கிப் போனது.

ஞாயிற்றுக்கிழமை மாமா சாட்சி சொன்னார். கிருபையால் தப்பினேன் என்றார். சபை அல்லேலூயா சொன்னபோது அம்மா குனிந்து நகக்கண்ணில் இருந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அத்தை மட்டும் நகர்ந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அடுக்களை இருந்த இடத்தில் நீலத் தார்ப்பாய் கட்டியிருக்கிறோம். பனி உள்ளே வருகிறது. அம்மா மறுபடி ஜெபிக்காமல் ஆகிவிட்டாள். அந்த ஒரு வரியை உங்களுக்காகச் சொல்லியிருக்கலாம் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாளோ? கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது.

அம்மாவைப் போல ஜெபிப்பேன் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. எனக்கு இன்னும் உயிர் மேல் அவ்வளவு ஆசை. ஆனால் அடுத்த தடவை பனிக்குள் அந்தக் காதுச் சத்தம் கேட்டால், கண்ணை மூடுவதற்கு முன்னால் பாதையில் யார் வருகிறார்கள் என்று கேட்பேன். இது மட்டும் சத்தியம் அப்பா.

அன்றைக்கு ஆமென் சொன்ன,
உங்கள் மூத்த மகள்