ரம்யாவுக்கும் அந்தத் தழும்பு இருக்கிறது

என் ஆசை அண்ணனுக்கு,

செய்யாறு கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடி, ஸ்டாப்பிலேயே விழுந்துவிட்டாயே, அன்றைக்கு எல்லோரும் மாரடைப்பு என்றார்கள். உனக்கு நாற்பதுகூட ஆகவில்லை. பீடி, குடி எதுவும் கிடையாது. எனக்கு அப்போதே மனசு ஒப்பவில்லை. ஆனால் யாரிடம் போய்க் கேட்பது?

இப்போது எனக்கும் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. நம் ஆரணி டாக்டரம்மா எக்கோ எடுத்துவிட்டு, "இதயத் தசை தடிச்சிருக்குங்க. வீட்ல யாராவது சின்ன வயசுல திடீர்னு போயிட்டாங்களா?" என்றார். உன்னைச் சொன்னேன். எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் தசை எங்கே, எவ்வளவு தடித்திருக்கிறது, உள்ளே தழும்பு விழுந்திருக்கிறதா என்று சரியாகத் தெரியுமாம். வேலூருக்கு அனுப்பிவிட்டார்.

குகை மாதிரி ஒரு மெஷின், அண்ணா. நம் தெருத் தறிகள் எல்லாம் சேர்ந்து ஓடினாலும் அவ்வளவு சத்தம் வராது. "மூச்ச இழுங்க, விடுங்க, அப்படியே நிறுத்துங்க" என்று காதில் ஒரு குரல். நிறுத்தும்போதெல்லாம் உன் நினைப்புதான். விழும்போது உனக்குத் தெரிந்ததா? வலித்ததா?

பாதியில் கை நரம்பில் மருந்து ஏற்றினார்கள். தழும்பு இருந்தால் படத்தில் வெள்ளையாகத் தெரியுமாம். என் படத்திலும் கொஞ்சம் வெள்ளை தெரிந்தது. இப்போதைக்கு மாத்திரை போதும் என்ற வேலூர் டாக்டர், "உங்க அண்ணனுக்கும் இதுவா இருந்திருக்கலாம். இது பரம்பரையா வர்றது. அவர் பிள்ளைங்களுக்கு டெஸ்ட் எடுத்துப் பாத்தாச்சா?" என்றார்.

உன் மகள் ரம்யா காலேஜ் கபடி டீமில் இருக்கிறாள், அண்ணா. வேலூரிலிருந்து நேரே போளூர், அண்ணி வீட்டுக்குப் போனேன்.

"நல்லா ஆடிகினு ஓடிகினு இருக்கிற பொண்ணுக்கு எதுக்கு டெஸ்டு? நாளைக்கு மாப்பிள்ளை வீட்ல கேட்டா நீ வந்து பதில் சொல்லுவியா?" என்று வாசலிலேயே கத்தினார் அண்ணி.

"எங்க அண்ணனும் ஓடிகினுதான் இருந்துச்சு, அண்ணி."

அண்ணி அப்படியே உட்கார்ந்து அழுதார். உள்ளேயிருந்து வந்த ரம்யாதான், "எப்ப போலாம் அத்தை?" என்று கேட்டாள்.

வேலூரில் அவளுக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். என்னைவிடத் தடிப்பு அதிகம். தழும்பும் அதிகம். கபடி கூடவே கூடாது என்றுவிட்டார்கள். துடிப்பு தாறுமாறானால் தானே ஷாக் கொடுத்துச் சரிசெய்கிற ஒரு கருவியை நெஞ்சில் வைக்கப்போகிறார்கள். வரும் வாரம் ஆபரேஷன்.

"தெரியாமலே இருந்திருக்கலாம்" என்றாள் ரம்யா. அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. "மூச்சு விடறாளான்னு பாத்துகினே இருக்கேன்" என்று அண்ணி போன் மேல் போன் போடுகிறார். எனக்கும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நான் செய்தது சரிதானா, அண்ணா? நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

ஆபரேஷன் அன்றைக்கு தியேட்டர் வாசலை விட்டு நகர மாட்டேன். கண் விழித்ததும் முதலில் என்னைத்தான் திட்டுவாள். திட்டட்டும், அண்ணா. திட்டுவதற்கு அவள் இருக்க வேண்டும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் கூடப்பிறந்தவள்,
ரம்யாவின் அத்தை